ஒல்லாந்தக் கம்பனியின் இரண்டு பேரேடுகள்

வணிகம் படிக்கும் நமது பிள்ளைகள் முதலில் பாடமாக்குவது ஒரு சமன்பாட்டை: சொத்துக்கள் சமன் மூலதனம் கூட்டல் பொறுப்புக்கள். பரீட்சை முடிந்ததும் அதை மறந்தும் விடுகிறார்கள். அந்தச் சமன்பாட்டைச் சரியான இடத்தில் போட்டுப் பார்க்காமல் அழிந்த ஒரு கம்பனி, சுமார் நூற்றைம்பது ஆண்டுகள் நமது கரையை ஆண்டது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602 இல் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர் பங்கு மூலதனத்தோடு தொடங்கியது. 1610 இல் முதல் பங்கிலாபத்தைக் காசாக அல்ல, சாதிபத்திரியாகக் கொடுத்தது. களஞ்சியத்தில் சரக்கு இருந்தது, பெட்டியில் பணம் இல்லை. இலாபம் வேறு, காசு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இலங்கையில் அவர்கள் தேடியது கறுவா. அதில் தனியுரிமை வைத்து, நிரம்பலைக் கட்டுப்படுத்தி, ஐரோப்பாவில் விலையை உயர்த்தி வைத்தார்கள். உரித்துக் கொடுத்தவர்கள் சலாகம மக்கள். அது கட்டாய சேவை. காட்டுக் கறுவாவை மட்டும் நம்பியிருக்க முடியாமல், ஆளுநர் பால்க் காலத்தில், 1769 இல் மருதானையில் பயிரிடத் தொடங்கினார்கள். கொழும்பின் கறுவாத்தோட்டம் என்ற பெயர் இன்றும் அந்தக் கதையைச் சொல்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். கொழும்பிலிருந்து கப்பலேறும் கறுவா மிகக் குறைந்த கிரயத்தில் பதியப்பட்டது. கோட்டை, படை, சம்பளம் எல்லாம் இலங்கைக் கணக்கில் செலவு. ஆகவே ஏட்டில் இலங்கை நட்டம்! இலாபமோ அம்ஸ்ரடாம் ஏலத்தில், வேறொரு ஏட்டில். கணக்கெழுதத் தெரியாதவர்களா அவர்கள்? இல்லவே இல்லை. 1607 இலேயே சைமன் ஸ்டெவின் இரட்டைப் பதிவு பற்றி ஒல்லாந்த மொழியில் நூல் வெளியிட்டிருந்தார். ஆனால் பத்தாவியாவின் ஆசியப் பேரேடும் தாய்நாட்டின் ஆறு கிளைகளது கணக்கும் ஒரே ஐந்தொகையாக ஒருநாளும் சேரவில்லை. எந்த இடம் சம்பாதிக்கிறது, எது தின்கிறது என்று அறுதியிட்டுச் சொல்ல ஆளில்லை.

கண்டியோடு நடந்த போர் 1766 உடன்படிக்கையில் முடிந்தது. செலவு மட்டும் முடியவில்லை. குறுங்கடன் வாங்கி வாங்கிக் கப்பல் விட்டார்கள், பங்கிலாபமும் பிரித்தார்கள். 1780 இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டு கப்பல்கள் பிடிபட்டதும் கடன் கழுத்தை நெரித்தது. 1796 இல் கொழும்பு கைமாறியது. 1799 இன் கடைசி நாளோடு கம்பனியே இல்லாமல் போனது.

இந்தக் கணக்கில் விடுபட்ட பதிவு இன்னொன்றும் உண்டு. கறுவா வியாபாரம் நம்மவருக்கு அடைக்கப்பட்டது. கம்பனிக்கு ஊழியம் செய்யும் கடமையும் சுமத்தப்பட்டது. அந்த நாட்களில் கடையிலும் தோணியிலும் உழைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வருமானம்தான் பொருளியலில் அமையச் செலவு எனப்படுவது. சலாகமரின் உழைப்பும் அதே வகைதான். கம்பனி எந்த ஏட்டிலும் அதை எழுதவில்லை. அதனால்தான் கறுவா ‘மலிவாக’ இருந்தது.

எனவே ஒரு நிறுவனம் இலாபக் கணக்கைக் காட்டும்போது, மாணவர்கள் கூட்டல் கழித்தல் சரியா என்று பார்த்தால் மட்டும் போதாது. எந்த ஏட்டைக் காட்டுகிறார்கள், யாருடைய செலவு அதில் இல்லை என்றும் கேட்கப் பழக வேண்டும்.