முழுமை, நிறைவு, நலம்



1852-ஆம் ஆண்டு பீட்டர் மார்க் ரோஜே என்னும் மருத்துவர் இலண்டனில் ஒரு சொற்களஞ்சியத்தை வெளியிட்டார். சொற்களை அகரவரிசையில் அன்றிப் பொருள்வரிசையில் தொகுத்த நூல் அது. அதில் ‘ஹோல்’ என்பதற்கு ஒரு தலைப்பும், ‘கம்ப்ளீட்னஸ்’ என்பதற்கு வேறொரு தலைப்பும் உண்டு. நாமோ இரண்டையும் ‘முழுமை’ என்றே சொல்லிவிடுகிறோம்.

இச்சொற்களின் பிறப்பை நோக்கினால் வேறுபாடு விளங்கும். ‘கம்ப்ளீட்’ நிரப்புதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. குறைந்திருந்த இடம் நிரம்பினால் அது கம்ப்ளீட். ‘என்டயர்’ என்பதன் வேருக்குத் தீண்டப்படாதது என்று பொருள். ‘டோட்டல்’ என்பது கூட்டிக் கண்ட தொகை. ‘ஹோல்’ என்பதோ பழைய ஆங்கிலத்தின் ‘ஹால்’ என்னும் சொல்லின் வழிவந்தது. ஊறின்றி நலமாக இருத்தலே அதன் பொருள். உடல்நலத்தைக் குறிக்கும் ‘ஹெல்த்’, குணமாக்குதலைக் குறிக்கும் ‘ஹீல்’, தூய்மையைக் குறிக்கும் ‘ஹோலி’ ஆகிய மூன்றும் அதன் உடன்பிறப்புகள்.

1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்தவரிடம் இயேசு கேட்கும் வினாவில் இந்த ‘ஹோல்’ என்னும் சொல்லே நிற்கிறது. நம் தமிழ் விவிலியம் அவ்விடத்தில் ‘நலம்’ என்கிறது. ‘கத்தோலிக்க’ என்னும் நம் பெயரிலும் ‘முழுமை’யைக் குறிக்கும் ‘ஹோலோஸ்’ என்ற கிரேக்கச் சொல் உண்டு. ஒலியால் ஒத்திருப்பினும் அது ஆங்கில ‘ஹோல்’ என்பதற்கு உறவன்று.

இத்தகைய சொல்லாய்வு நமக்குப் புதிதன்று. ரோஜேவுக்கு 120 ஆண்டுகள் முன்னரே, 1732-இல், இயேசு சபைக் குருவாகிய வீரமாமுனிவர் தம் சதுரகராதியில் ஒருபொருள் குறித்த பல சொற்களைத் தனிப் பகுதியாகத் தொகுத்தளித்தார்.

அன்பர்களே, நம்மில் பலர் போரில் உறவையும் வீட்டையும், சிலர் உடலுறுப்பையும் இழந்து இந்நகருக்கு வந்தவர்கள். இழந்தவை திரும்ப நிரம்பப்போவதில்லை. ‘கம்ப்ளீட்’ என்னும் சொல்லை அளவாகக் கொண்டால் நம் வாழ்வு என்றும் குறையுடையதே. ‘ஹோல்’ என்னும் சொல்லோ காயம் ஆறியவருக்கும் உரியது; தழும்பு அதற்குத் தடையன்று. உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களின் அடையாளங்களோடுதான் தோமாவின் முன் நின்றார்.

உங்கள் பிள்ளைகள் இவ்விரு சொற்களுக்கும் தமிழ் கேட்டால், ஒன்றை ‘நிறைவு’ என்றும் மற்றதை ‘நலம்’ என்றும் சொல்லிக்கொடுங்கள். நோயுற்றோருக்காக மன்றாடும்போது நாம் வேண்டுவது இரண்டாவதையே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.