சிறுநீரகத்தின் இரு பகைவர்கள்

1919-ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் முடிந்த கையோடு இன்ஃபுளுவென்சாக் காய்ச்சல் உலகெங்கும் கோடிக்கணக்கான உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது. அமெரிக்க நோயியல் அறிஞர் எர்னஸ்ட் குட்பாஸ்டர், அக்காய்ச்சலால் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து வந்தார். அவற்றுள் 18 வயது இளைஞர் ஒருவரின் உடல் அவரைச் சிந்திக்க வைத்தது. நுரையீரல்களில் இரத்தம் கசிந்திருந்தது. சிறுநீரகங்களும் கடும் அழற்சியால் பழுதுபட்டிருந்தன. காய்ச்சல் கண்டவருக்குச் சிறுநீரகம் ஏன் கெட வேண்டும்? குட்பாஸ்டர் தாம் கண்டதை எழுதி வெளியிட்டார். ஆனால் காரணம் விளங்கவில்லை.

1958-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஸ்டான்டன், டாங்கே இருவரும் இத்தகைய 9 நோயாளிகளைப் பற்றி எழுதினர். பழைய கட்டுரையை நினைவுகூர்ந்து, இந்நோய்க்குக் குட்பாஸ்டரின் பெயரையே சூட்டினர். பெயர் கிடைத்துவிட்டது, காரணம்?

அதை அறியச் சிறுநீரகத்தின் அமைப்பைச் சற்று நோக்குவோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மெல்லிய இரத்த நுண்குழல்கள் பந்துபோல் சுருண்ட ஒரு முடிச்சு. அக்குழல்களின் சுவரில் அடிச்சவ்வு என்னும் மெல்லிய படலம் உண்டு. இரத்தத்தின் கழிவுகள் இதன் வழியே வடிகின்றன; இரத்த அணுக்கள் வெளியேறுவதில்லை. இச்சவ்வு கிழிந்தால் சிறுநீரில் இரத்தம் கலக்கும்.

நோய்க் கிருமிகளை எதிர்க்க நம் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அவை சொந்த உடலையே தாக்குமா? 1967-இல் அமெரிக்காவில் லெர்னர், கிளாசாக், டிக்சன் ஆகியோர் இதற்கு விடை கண்டனர். இந்நோயால் கெட்ட சிறுநீரகங்களில் படிந்திருந்த எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துக் குரங்குகளுக்குச் செலுத்தினர். குரங்குகளின் சிறுநீரகங்களிலும் அதே அழற்சி தோன்றியது. குற்றவாளி அகப்பட்டது! அடிச்சவ்விலுள்ள நான்காம் வகைக் கொல்லாஜன் என்ற புரதமே இவ்வெதிர்ப்பொருளின் இலக்கு எனப் பின்னர் தெரிந்தது. நுரையீரலின் காற்றறைகளிலும் இப்புரதம் உண்டு. ஆகவேதான் இரண்டு உறுப்புகளும் ஒருசேரத் தாக்கப்படுகின்றன.

கதை இங்கு முடிந்திருக்கலாம். ஆனால் இதைப் போலவே சிறுநீரகம் விரைந்து கெட்ட நோயாளிகள் பலரிடம் இந்த எதிர்ப்பொருள் காணப்படவில்லை. 1982-இல் ஆஸ்திரேலியாவில் டேவிசும் அவர் குழுவினரும் அத்தகைய 8 பேரின் இரத்தத்தில் வேறோர் எதிர்ப்பொருளைக் கண்டனர். இது சிறுநீரகச் சவ்வைத் தாக்கவில்லை. நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்களைப் பற்றியது. கொசு பரப்பும் வைரஸ் ஒன்று காரணமாகலாம் என அக்குழுவினர் ஐயுற்றனர். அந்த ஐயம் நிலைபெறவில்லை. சிறு இரத்தக் குழாய்களை அழிக்கும் நோய்களுக்கும் இந்த எதிர்ப்பொருளுக்கும் உள்ள தொடர்பு 1985-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வால் வலுப்பெற்றது. இன்று இதனைச் சுருக்கமாக 'ஆன்கா' என்கிறோம். இது பற்றிய வெள்ளணுக்கள் வெறிகொண்டவைபோல் குழாய்ச் சுவரில் ஒட்டி, அங்கே நச்சுப் பொருள்களைக் கொட்டுகின்றன.

இரண்டு எதிர்ப்பொருள்கள், இரண்டு நோய்கள் என மருத்துவ நூல்கள் வகுத்தன. நோயாளியின் உடல் நூலைப் படித்துக்கொண்டா நடக்கிறது? சிலரது இரத்தத்தில் இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன. 2004-இல் இலண்டனிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வின்படி, அடிச்சவ்வு எதிர்ப்பொருள் இருந்த மாதிரிகளில் 100-க்கு 32-இல் ஆன்காவும் இருந்தது. ஆன்கா இருந்தவற்றிலோ 100-க்கு 5-இல் மட்டுமே மற்றது இருந்தது.

எது முதலில் வந்தது? அமெரிக்கப் படைவீரர்களிடமிருந்து பெற்று உறையவைத்துச் சேமித்திருந்த இரத்த மாதிரிகள் இதற்கு உதவின. பின்னாளில் அடிச்சவ்வு நோய் கண்ட 30 பேரின் பழைய மாதிரிகள் ஆராயப்பட்டு, முடிவுகள் 2011-இல் வெளியாயின. நோய் வெளிப்படும் முன்னரே பலரிடம் ஆன்கா இருந்தது. ஆன்கா முதலில் வடிகட்டியைச் சிதைக்கிறது. அதனால் சவ்வில் மறைந்திருந்த புரதப் பகுதி வெளிப்படுகிறது. உடல் அதை அயற்பொருள் எனக் கருதி இரண்டாம் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. இப்படித்தான் நடக்கலாம் என அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். நிறையவே உண்டு. அடிச்சவ்வு நோய் புயல்போல் வந்து தாக்கும். ஆனால் ஒரு முறை அடங்கினால் பெரும்பாலும் திரும்புவதில்லை. 1970-களில் இலண்டனில் தொடங்கிய பிளாஸ்மா மாற்று முறை, எதிர்ப்பொருளை இரத்தத்திலிருந்து நீக்கி அதை அடக்க உதவுகிறது. ஆன்கா நோயோ அடங்கியபின்னும் தலைதூக்கும். இரண்டும் உடையவர்கள் இரு துன்பங்களுக்கும் ஆளாகக்கூடும். ஒன்றை மட்டும் சோதித்து, 'இனி அஞ்ச வேண்டாம்' என்று அனுப்பிவிட்டால், சில ஆண்டுகளில் எஞ்சிய சிறுநீரகமும் போய்விடலாம். ஆதலால் இரு சோதனைகளையும் ஒன்றாகச் செய்வதும், நலமடைந்தவரைப் பல ஆண்டுகள் கண்காணிப்பதும் இன்றியமையாதவை. சிறுநீர் சிவந்தாலோ, இருமலில் இரத்தம் கண்டாலோ, ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள். இந்நோயில் நாள்கள்கூட விலைமதிப்பற்றவை.

மீண்டும் அந்த 18 வயது இளைஞரை நினைப்போம். அவருக்கு இருந்தது ஆன்கா நோயாகவே இருக்கலாம் என இன்று சிலர் கருதுகின்றனர். அப்படியானால், ஒரு நோய்க்குப் பெயர் தரக் காரணமான அவரே அந்த நோயால் இறக்கவில்லை! கிடைத்த முதல் விடையோடு நின்றுவிடாதவர்களால்தான் இதையும் நாம் அறிய முடிந்தது.