அடுக்குப் பொருள்களில் மீக்கடத்துத்திறன்: அறிவிப்புகளும் சோதனைகளும்

மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே ஒரு பொருள் மின்தடையை முற்றிலும் இழந்து, தன்னுள் இருக்கும் காந்தப்புலத்தையும் வெளியே தள்ளுமானால் அது மீக்கடத்தி. முதற்பண்பை 1911இல் கமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தில் கண்டார். இரண்டாவதை 1933இல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டனர். செம்பு ஆக்சைடுகள், மக்னீசியம் டைபோரைடு எனப் பெயர்பெற்ற மீக்கடத்திகள் பலவும் அணு அடுக்குகளால் ஆனவை. புதிய அறிவிப்புகள் அடுக்குப் பொருள்களிலிருந்து அடிக்கடி வருவதற்கு அது ஒரு காரணம். அவற்றை அளப்பதில் ஏமாறுவதும் எளிது.

மின்தடையை நான்கு முனைகளால் அளப்பார்கள்: வெளி முனைகள் இரண்டில் மின்னோட்டம் பாயும், உள் முனைகள் இரண்டில் மின்னழுத்தம் பார்க்கப்படும். அடுக்குப் படிகத்தில் மின்னோட்டம் அடுக்கின் வழியே எளிதாக ஓடும்; அடுக்குக்கு அடுக்கு தாவுவதுதான் கடினம். மேலடுக்கில் ஒரு விரிசல் இருந்தால் ஓட்டம் கீழே இறங்கிவிடும். மேலே வைத்த உள் முனைகள் அப்போது ஏறத்தாழச் சுழியைக் காட்டும், சில வேளை எதிர்மதிப்பைக்கூடக் காட்டும். முனைகளை இடம் மாற்றியும் ஓட்டத்தைத் திருப்பியும் அளக்காத சுழியை நம்புவதற்கில்லை. உண்மையான சுழியும் முழுச் சான்றாகாது. மாதிரிக்குள் மயிரிழை அளவு மீக்கடத்தி முனைகளை இணைத்தாலே போதும்.

காந்தச் சோதனையிலும் பொறிகள் உண்டு. கிராஃபைட்டும் பிஸ்மத்தும் மீக்கடத்தாமலேயே காந்தத்தை விலக்குபவை. வலிய காந்தங்களின் மேல் கிராஃபைட் தகடு அறை வெப்பநிலையிலேயே மிதக்கும். ஆனால் அந்த விலக்கம் முழு மீக்கடத்தியினுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே மிதக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை, எவ்வளவு விலக்குகிறது என்றுதான் கேட்கவேண்டும். புலமின்றிக் குளிர்வித்துப் பிறகு புலம் தந்தால், மீக்கடத்தும் மேல்தோல் மட்டும் உள்ளிருப்பதையெல்லாம் மறைத்து மாதிரி முழுதும் மீக்கடத்துவதுபோல் காட்டிவிடும். புலத்திலேயே குளிர்வித்தும் பார்ப்பது அதனால்தான். தன்வெப்பம் இவ்விரண்டையும்விடக் கண்டிப்பான சாட்சி: மாறுநிலையில் அது காட்டும் தாவல் மீக்கடத்தும் பகுதியின் அளவைப் பொறுத்தது என்பதால் இழையோ தோலோ அதை ஏய்க்க முடியாது.

ஐயத்திலிருந்து உறுதிக்குச் சென்ற ஆய்வுக்கு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் போரோகார்பைடு நல்ல எடுத்துக்காட்டு. இட்ரியம்-நிக்கல்-போரான் மாதிரிகளில் 12 கெல்வின் அருகே மீக்கடத்தலின் தடயம் தெரிந்தது. 1993இல் அது வெளியிடப்பட்டது. ஆனால் மாதிரியின் சிறு பங்கே மீக்கடத்தியது. நிக்கல் காந்த உலோகம் என்பதால் வியப்பு ஒருபுறம், ஐயம் ஒருபுறம். ஆர். நாகராஜன், சந்தன் மஜும்தார், எல். சி. குப்தா உள்ளிட்ட குழு அந்தச் சிறு பங்கைத் துரத்தியது. வேண்டுமென்றே கார்பன் சேர்த்தபோது மீக்கடத்தல் பொருள் முழுதும் பரவியது. 1994 ஜனவரியில் வந்த கட்டுரைத் தலைப்பிலேயே 'பருமனளவிலான மீக்கடத்தல்' என்று சொல்ல அவர்களால் முடிந்தது. அதே மாதம் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ராபர்ட் காவாவின் குழு இவ்வகைச் சேர்மங்களைத் தனியாக அறிவித்தது. இட்ரியம்-கார்பன் அடுக்கும் நிக்கல்-போரான் அடுக்கும் மாறி மாறி அமைந்த கட்டமைப்பும் தெளிவாயிற்று. தூய சேர்மத்தின் மாறுநிலை 15 கெல்வினுக்குச் சற்று மேல்.

எல்லா அறிவிப்புகளும் இப்படி முடிவதில்லை. தங்கத்துக்குள் வெள்ளி நுண்துகள் பொதிந்த பொருள் 236 கெல்வினில் மீக்கடத்துவதாக 2018 ஜூலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து செய்தி வந்தது. வெவ்வேறு காந்தப்புலங்களில் எடுத்த இரு வரைகோடுகளில் ஒரே இரைச்சல் வடிவம் திரும்ப வருவதை இயற்பியலாளர் பிரையன் ஸ்கின்னர் சுட்டிக்காட்டினார். தற்செயலான இரைச்சல் அப்படித் திரும்புவது அரிது. 2023இல் மீக்கடத்தி என்று தென்கொரியாவிலிருந்து அறிவிக்கப்பட்ட எல்கே-99உம் அடுக்குப் பொருளன்று என்றாலும் பாடம் அதேதான். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் அதைச் செய்து பார்த்து மீக்கடத்தல் இல்லை என்றது. தடை திடீரென வீழ்ந்ததற்குக் காரணம் கலந்திருந்த செம்பு சல்பைடு. தூய படிகமோ மின்காப்பி.

எச்சரிக்கையோடு வந்த அறிவிப்பு பிஸ்மத்தினுடையது. எஸ். ராமகிருஷ்ணன், ஏ. தமிழ்வேல் ஆகியோர் இடம்பெற்ற மும்பைக் குழு, மடிப்படுக்குகளாலான தூய பிஸ்மத் படிகம் 0.53 மில்லிகெல்வினில் மீக்கடத்துவதாக 'சயின்ஸ்' இதழில் அறிவித்தது. அதை அழிக்க 5.2 மைக்ரோடெஸ்லா புலம் போதும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் திசைகாட்டியைத் திருப்பும் புவிக்காந்தப் புலம் சுமார் 42 மைக்ரோடெஸ்லா. அதையெல்லாம் தடுத்து நிறுத்தாமல் அளவே எடுக்க முடியாது. பிஸ்மத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான்தான் கடத்தலுக்குக் கிடைக்கிறது. இவ்வளவு அரிதான எலக்ட்ரான்கள் இணைசேர்வதை, மீக்கடத்தலை எலக்ட்ரான் இணைகளால் விளக்கும் வழக்கமான பிசிஎஸ் கோட்பாட்டால் எளிதில் விளக்க முடியவில்லை.