பேயும் வரலாறும்

சிறுவர்க்கென எழுந்த கற்பனைக் கதைகளை வரலாற்று ஆராய்ச்சிக்குப் புறம்பானவை என ஒதுக்குவார் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்குப் பெனலபி லைவ்லி 1973இல் வெளியிட்ட ‘தாமஸ் கெம்ப்பின் பேய்’ என்னும் ஆங்கிலப் புதினம் தக்க சான்றாகும். கார்னகிப் பதக்கம் பெற்ற இந்நூலின் ஆசிரியர் ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்றவர்.

ஹாரிசன் குடும்பத்தினர் பழைய வீடொன்றில் குடியேறுகின்றனர். 17ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த கெம்ப் என்னும் மந்திரவாதியின் ஆவி, சிறுவன் ஜேம்சைத் தன் மாணாக்கனாக்க முயல்கிறது. பொருள்கள் உடைகின்றன; மிரட்டும் எழுத்துகள் தோன்றுகின்றன. பழி முழுதும் சிறுவன்மேல் விழுகிறது.

இப்பேயின் தொழில் யாது? மருத்துவம், சோதிடம், இழந்த பொருளைக் கண்டுரைத்தல் ஆகியன. இவை ஆசிரியரின் வெறும் புனைவு அல்ல. அக்கால இங்கிலாந்தில் இத்தகையோர் பலர் இருந்தனர். 1604ஆம் ஆண்டுச் சட்டம், மந்திரத்தால் களவுபோன பொருளைக் காட்டுவதாகக் கூறுவார்க்கு ஓராண்டுச் சிறை விதித்தது. விலக்கிய சட்டமே வழக்கின் பரவலுக்குச் சான்றாதல் காண்க. கீத் தாமஸ் 1971இல் வெளியிட்ட ஆய்வுநூலும் இவர்களை விரிவாக ஆராய்கிறது.

அண்டையில் வாழும் முதியவளைச் சூனியக்காரி என்று பேய் தூற்றுகிறது. அவள் வீடும் தீப்பற்றுகிறது. அந்நூற்றாண்டின் சூனிய வழக்குகளில் சிக்குண்டோருள் பலர் எளிய முதுபெண்டிரே. நகைச்சுவையாய்த் தொடங்கிய கதை, இவ்விடத்தில் வரலாற்றின் கொடுமையைத் தொடுகிறது.

1735ஆம் ஆண்டுச் சட்டமோ மந்திர ஆற்றலையே பொய்யெனக் கொண்டு, அஃது உடையோம் என ஏய்ப்பாரைத் தண்டித்தது. அம்மனப்பாங்கு வேரூன்றிய உலகில் கெம்ப்புக்கு இடமில்லை. எனவே பேயின் குற்றம் சிறுவனின் குறும்பாகக் கருதப்படுகிறது. பேயின் இருப்பை வீட்டார் ஏற்கவில்லை. சிறுவனின் சொல்லையும் அவர்கள் நம்பவில்லை. பகைவராய் நிற்கும் இருவரையும் இவ்வொரு துன்பமே பிணிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அவ்வீட்டில் எழுதப்பெற்ற நாட்குறிப்பில், இதே பேயை அறிந்த ஆர்னால்டு என்னும் சிறுவனைக் கண்ட பின்னரே ஜேம்சின் தனிமை தீர்கிறது.

பேயோட்டும் முயற்சிகள் யாவும் தோற்கின்றன. முடிவில் களைப்புற்ற கெம்ப், தன் கல்லறை கண்டறியப்பட்ட பின்னரே அமைதியுறுகிறான். இறந்தோர்க்குரிய காலத்தையும் இடத்தையும் அறிந்து அளித்தல் வரலாற்றின் பணியன்றோ? மந்திரத்தால் ஆகாததனை அவ்வறிவு முடித்தது. இதனை உணர்த்தும் நூலைச் ‘சிறுவர் கதை’ எனத் தள்ளுதல் ஆராய்ச்சிக்கே இழப்பாகும்.