சந்தையும் கோஷ்டியும்

முந்நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாய் திறந்துவிட்டால் அது சேர்ந்திசை ஆகிவிடாது. சேர்ந்து பாடத் தொண்டைக்கு முன்னே பழக வேண்டியது காது. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1017இல் இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், ஆழ்வார்களின் திவ்வியப் பிரபந்தம் ஒலிக்கும் ஊர். வைணவ மரபில் அதைக் கற்பிக்கும் முறைக்குச் 'சந்தை' என்று பெயர். ஆசிரியர் ஒரு முறை சொல்ல, மாணவர் இரு முறை திருப்பிச் சொல்வர். எளிய ஏற்பாடுதான், ஆனால் அந்த இரண்டாம் முறையில் நுட்பம் இருக்கிறது. முதல் முறை சொல்லும்போது ஆசிரியரின் குரல் காதில் இன்னும் மங்காமல் இருக்கும். இரண்டாம் முறைக்குள் அது தேய்ந்துவிட, பக்கத்தில் இருப்பவனின் குரலைப் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேறியபின், சேர்ந்து ஓதும் குழுவான கோஷ்டியில் இரு பிரிவாகப் பிரிந்து மாறி மாறிச் சேவிப்பார்கள். எதிர்ப்பிரிவு சொல்லும் நேரம் மூச்சு வாங்கவும் காது கொடுக்கவும் கிடைத்த நேரம். கேளாதவன் தன் முறை வரும்போது இடறுவான்.

பள்ளியில் சேர்ந்து பாடவும் இந்த முறை உதவும் என்றால், திருப்பிச் சொல்வது கிளிப்பிள்ளைப் பாடம், பொருள் மனத்தில் தங்காது என்பர். எங்கே நிறுத்திச் சொல்லித் தருகிறோம் என்பதைப் பொறுத்தது அது. சீரும் பொருளும் முடியும் இடத்தில் நிறுத்தினால் அந்த நிறுத்தமே பாதி உரை. கோயில் முறைக்கு வகுப்பறையில் என்ன வேலை என்போரும் உண்டு. நடவு வயலில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடியதும், வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவதும் இதே வழிதான். எந்த ஒரு கூட்டத்துக்கும் இது தனிச்சொத்து அன்று. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஓரகடம் தொழிற்சாலைகளை நம்பி வந்த பிகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ, எழுத்து பிடிபடுமுன்பே தமிழின் ஒலியைத் தரக்கூடிய வழி இது.

சோதித்துப் பார்க்கப் பாட்டும் கையிலேயே இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக்கிய 2021 டிசம்பர் அரசாணை, அதை முல்லைப்பாணி எனப்படும் மோகன இராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடியில் பாடச் சொல்கிறது. பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் பாட வேண்டும் என்றும் விதிக்கிறது. 55 விநாடி என்றதும் சிலர் வேகத்தைக் கூட்டுகிறார்கள். ஆனால் பாட்டு இழுபடுவது பெரும்பாலும் ஆளுக்கொரு இடத்தில் மூச்சு வாங்குவதால்தான். அடியடியாகச் சந்தை சொல்லி, வகுப்பை இரண்டாக்கி மாற்றிப் பாடவைத்து, மூச்சு வாங்கும் இடங்களைப் பொதுவாக்கிய பிறகு எல்லோரையும் சேர்த்தால் நேரம் தானாகவே கட்டுக்குள் வரும். அப்போதும் சிலர் சுருதி விலகுவார்கள். ஆண் ஆசிரியர் தமக்கு இதமான ஒரு கட்டைச் சுருதியில் எடுத்துக் கொடுத்தால் பிள்ளைக்குரல் அடியில் போய் முனகத்தான் செய்யும். ஞானம் இல்லை என்று வரிசையின் கடைசிக்குத் தள்ளுமுன், சுருதிப்பெட்டியை நாலு, ஐந்து கட்டைக்கு ஏற்றிப் பார்க்கலாம்.