பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை: ஒருநாள் முகாம் போதுமா?

விழுப்புரம், திண்டிவனம் பகுதி ஜமாஅத்துகளுக்கு மருத்துவ முகாம் புதிதல்ல. கண், சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று ஏதாவது ஒன்றுக்கு முகாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், இது நல்ல பணி. இதேபோல புற்றுநோய்க்கும் ஒரு முகாம் வைத்துவிடலாமே என்ற எண்ணம் நமக்கு வருவது இயல்பு. ஆனால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை, ஒருநாள் முகாமுக்கும் முறைப்படுத்தப்பட்ட பரிசோதனைத் திட்டத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் குடும்பங்களுக்கும் அவசியம்.

நோயும் பரிசோதனையும்

2022ஆம் ஆண்டில் உலக அளவில் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தனர். ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இதன் விகிதம் குறைவு. பெரும்பாலும் இது குடலின் உட்சுவரில் ‘பாலிப்’ எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கி, பல ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகிறது. பாலிப்பாக இருக்கும்போதே அகற்றிவிட்டால் அது புற்றாக மாறாமல் தடுக்கலாம். பரிசோதனையின் பயனே இதுதான்.

பல நாடுகளில் முதல் படியாக ‘ஃபிட்’ எனப்படும் எளிய மலப் பரிசோதனை செய்யப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று அது பார்க்கும். மனித இரத்தத்தை மட்டுமே காட்டுவதால், பழைய முறையைப் போல ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியைத் தவிர்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டியதில்லை. மாதிரியை வீட்டிலேயே எடுக்கலாம். சிங்கப்பூரில் 50 வயதைக் கடந்த உறவினர்கள் உள்ள குடும்பங்கள் இந்தக் கிட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஃபிட் பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. கொலனோஸ்கோபி செய்து குடலை நேரில் பார்க்க வேண்டும் என்பதே பொருள். அதேபோல நெகட்டிவ் என்றால் ஆயுளுக்கும் கவலை இல்லை என்பதும் அல்ல. இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் செய்கிறார்கள்.

தாய்லாந்து தரும் பாடம்

நம்மைப் போன்ற ஆசிய நாட்டில் இது எப்படி நடந்தது? தாய்லாந்தின் லம்பாங் மாகாணத்தில் 2011 ஏப்ரலில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. 50 முதல் 65 வயது வரையுள்ள 1,27,301 பேரின் பட்டியல் முதலில் தயாரானது. 2012 நவம்பருக்குள் அவர்களில் 62.9 சதவீதம் பேர் ஃபிட் செய்துகொண்டனர். பெண்களில் 67.8 சதவீதம் பேர் பங்கேற்க, ஆண்களில் 57.8 சதவீதம் பேரே பங்கேற்றனர். நம் வீட்டு ஆண்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

873 பேருக்கு பாசிட்டிவ் வந்தது. அறிக்கை வெளியானபோது அவர்களில் 627 பேர் கொலனோஸ்கோபி செய்திருந்தனர். அந்த 627 பேரில் 3.7 சதவீதத்தினருக்குப் புற்றுநோயும், 30.6 சதவீதத்தினருக்குப் புற்றாக மாறக்கூடிய பாலிப்பும் இருந்தன.

மீதி 246 பேர்? அதே விகிதம் அவர்களுக்கும் பொருந்துமானால், ஏறத்தாழ 9 பேர் புற்றுநோயோடும் 75 பேர் பாலிப்போடும் அடுத்த படிக்கு வராமல் இருந்திருப்பார்கள். முறையாகப் பட்டியலிட்டு நடத்திய இடத்திலேயே இந்நிலை என்றால், பெயரையும் போன் எண்ணையும் ஒரு தாளில் எழுதிவிட்டு மாலையில் பந்தலைப் பிரிக்கும் முகாமில் என்ன ஆகும்? இந்தக் கணக்கு நமக்குத் தெரிந்ததும் அங்கே பட்டியல் இருந்ததால்தான்.

தரம் என்பது என்ன?

ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் வெளியிட்ட தர வழிகாட்டி சில அளவுகோல்களைத் தருகிறது. அழைக்கப்பட்டவர்களில் குறைந்தது 45 சதவீதம் பேர் பங்கேற்க வேண்டும். 65 சதவீதம் விரும்பத்தக்கது. பரிந்துரைக்கப்பட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு 31 நாட்களுக்குள் கொலனோஸ்கோபி நடக்க வேண்டும். அந்தக் கருவி குடலின் கடைசி வரை சென்று பார்த்ததா என்பதும் ஒவ்வொரு முறையும் பதிவாக வேண்டும்.

மாதிரியைப் பாதுகாப்பதும் தரத்தில் சேரும். அதிக வெப்பத்தில் மலத்திலுள்ள இரத்தக் கூறு சிதைந்து, பாசிட்டிவாக வர வேண்டியது நெகட்டிவாக வந்துவிடலாம். திண்டிவனத்துக் கத்திரி வெயிலில் மாதிரிகளை ஒரு பையில் போட்டு மாலை வரை வைத்திருந்தால் முடிவை நம்ப முடியாது.

நெதர்லாந்தில் 2014இல் திட்டம் தொடங்கியபோது எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு பாசிட்டிவ் வந்தது. கொலனோஸ்கோபி செய்ய அங்கிருந்த வசதி போதவில்லை. தொடர்ந்து கணக்கெடுத்து வந்ததால் இதை உடனே கண்டு, அதே ஆண்டின் நடுவிலேயே பாசிட்டிவ் என்று கொள்ளும் அளவை உயர்த்தினார்கள். மருத்துவமனையின் கொள்ளளவை அறியாமல் கிட்டுகளை விநியோகிக்கக் கூடாது என்பதே இதிலுள்ள பாடம். தாமதத்தின் விலையும் தெரிந்ததே. பாசிட்டிவ் வந்து 10 மாதங்களுக்குப் பிறகு கொலனோஸ்கோபி செய்தவர்களிடம் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டதாக 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

தமிழ்நாட்டின் அனுபவம்

முறையாகச் செய்தால் நம் மாநிலத்திலும் பலன் கிடைக்கும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சான்று. அங்கு 2000ஆம் ஆண்டில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். பயிற்சி பெற்ற செவிலியர்கள் பரிசோதித்தனர். தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கிடைத்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். அழைக்கப்படாத குழுவோடு ஒப்பிட்டபோது இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007இல் இந்த முடிவு வெளியானது.

2016இல் மத்திய அரசு வகுத்த பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய 3 புற்றுநோய்கள் இடம்பெற்றன; பெருங்குடல் இடம்பெறவில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். நாளை பெருங்குடலுக்கும் ஒரு திட்டம் வந்தால் அதற்கான பாதை ஓரளவு தயாராக இருக்கிறது.

ஜமாஅத் செய்யக்கூடியவை

1. திட்டம் வரும்வரை நாமாகக் கிட்டுகளை வாங்கி வீடு வீடாகக் கொடுக்க வேண்டாம். செய்வதானால், கொலனோஸ்கோபி எங்கே, எந்த நாளில், யார் செலவில் என்பதை ஒரு மருத்துவமனையோடு பேசி முடித்த பிறகே தொடங்க வேண்டும். முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது.

2. நிக்காஹ், ஜனாஸா, சந்தா என்று எல்லாவற்றுக்கும் மஹல்லாவில் குடும்பப் பதிவேடு வைத்திருக்கிறோம். பெயர், வயது, முகவரி கொண்ட பட்டியல்தான் பரிசோதனைத் திட்டத்தின் முதல் தேவையும். சுகாதாரத் துறை கேட்கும்போது குடும்பங்களின் சம்மதத்தோடு உதவலாம். ஆனால் யாருக்கு என்ன முடிவு வந்தது என்பது அமானிதம். அது மருத்துவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் மட்டுமே உரியது.

3. பாசிட்டிவ் வந்தவர் தயங்கினால், அவர் சம்மதித்தால், துணைக்கு ஒருவர் போக வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு இரண்டு நாள் அலைய முடியாது என்பதாலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். பஸ் செலவுக்கும் ஒருநாள் சம்பளத்துக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவினால் அது ஒரு முகாமைவிடப் பெரிய பணி. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அந்த அட்டையை எடுத்துக்கொடுப்பதும் உதவியே.

குடும்பங்கள் அறிய வேண்டியவை

இதுவரை சொன்ன பரிசோதனை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு உரியது. மலத்தில் இரத்தம், சில வாரங்களாக மாறிய மலப்பழக்கம், காரணமில்லாத இரத்தசோகை, எடை குறைவு இருந்தால் எந்த முகாமுக்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் வந்தாலே மூலம்தான் என்று நாமே முடிவுசெய்து, சுவர் விளம்பரத்தைப் பார்த்து மூலம், பவுத்திர வைத்தியத்துக்குப் போய் மாதங்களைத் தொலைப்பது ஆபத்து. மூலம் இருப்பவருக்கும் புற்றுநோய் இருக்கலாம். பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு இந்நோய் இருந்திருந்தால் 50 வயது வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிலரைத் தடுப்பது வெட்கம். மருத்துவத் தேவைக்காக, தேவையான அளவு மட்டும் உடலைக் காட்டுவதை மார்க்கம் அனுமதிக்கிறது. பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம். கொலனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தப்படுத்த மருந்து கலந்த நீரை நிறையக் குடிக்க வேண்டும் என்பதால், அவசரமில்லாதவர்கள் ரமழானுக்கு வெளியே நாள் வாங்கிக்கொள்ளலாம். தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம்.

அல்லாஹ் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் ஆஃபியத்தை வழங்குவானாக. ஆமீன்.