பாடிகாவல்

‘கா’ என்ற வேருக்குக் காத்தல் என்று பொருள். அதில் பிறந்தது காவல். ‘பாடி’ என்பது மக்கள் குடியிருக்கும் இடம். இரண்டும் சேர்ந்த பாடிகாவல், சோழர் கல்வெட்டுகளில் ஊர்க்காவலையும் அதற்காக ஊரார் செலுத்திய வரியையும் குறிக்கிறது. பிற்காலக் காவல் முறையில், களவுபோன பொருளை மீட்டுத் தர முடியாவிட்டால் காவல்காரரே ஈடு கொடுக்க வேண்டும். ஆகவே திருடனைப் பிடிப்பதைவிடத் திருட்டே நடக்காமல் பார்ப்பதுதான் அவருக்கு நல்லது. 1979இல் அமெரிக்க அறிஞர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் முன்வைத்த சிக்கல் தீர்க்கும் காவல்முறை இதற்கு மிக அருகில் நிற்கிறது: ஒரே வகைப் புகார் திரும்பத் திரும்ப வந்தால் அதன் காரணத்தைத் தேடச் சொல்கிறது அது.

பழைய காவல் மிரட்டிப் பணம் பறிக்கும் தொழிலாகவும் மாறியதே என்பார்கள். உண்மைதான்; ஊர் என்பது வலியவர்கள் மட்டும் என்றானால் காவலும் அவர்களுக்கே போகும். ஆனால் சீருடைக் காவலும் இக்குறையைத் தீர்க்கவில்லை. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். இதற்குப் பின்னணியான, நிலவுடைமையாளர்களுடனான கூலித் தகராறு வெகுமுன்பே முற்றியிருந்தது. விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமோ 1969இல்தான் வந்தது. கூலி நிர்ணயிப்பது போலீஸ் வேலையா என்று கேட்கலாம். இல்லை. ஆனால் அறுவடைதோறும் வரும் அதே புகாரை முதலில் காண்பது காவல் நிலையம். அதை வழக்குகளாகச் சிதறவிடாமல், ஒரே சிக்கலாகத் திரட்டி ஆட்சியரிடமும் தொழிலாளர் துறையிடமும் கொண்டுபோவது அதன் வேலைதான்.